கத்தாத வண்டி

வண்டி ஓடியது. ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. சின்னவளுக்கு ஆத்திரமே அதில்தான்.

எங்கேயாவது எரிந்து கருகியிருந்தால் கருகிய இடத்தைப் பார்த்துத் தொலைக்கலாம். ஒயர் அறுந்திருந்தால் அறுந்த முனையைப் பிடித்துக்கொண்டு தலையில் அடித்துக்கொள்ளவாவது செய்யலாம். ஒரு மனிதரின் வலது கையை இரண்டு இடத்தில் உடைத்துப்போட்ட வண்டி, பட்டறை மேஜைக்குப் பக்கத்தில் நிமிர்ந்து நின்று, நீல விளக்கை எரியவிட்டுக்கொண்டு, தள்ளினால் போய், இழுத்தால் வந்து, நல்ல பிள்ளையாட்டம் நடித்துக்கொண்டிருந்தது.

"யாருகிட்ட நடிக்கிற?" என்று அதனிடமே கேட்டாள்.

அது ஒற்றைச் சக்கர மின்சார வண்டி. ஓட்டும்போது பிடித்துக்கொள்ளக் கைப்பிடி கிடையாது, இருக்கை கிடையாது. ஒரு சக்கரம், அதை மூடி ஒரு பிளாஸ்டிக் கூடு, இரு பக்கமும் கால் வைக்க மடக்குப் பலகை, அவ்வளவுதான். ஏறி நின்று முன்னால் சாய்ந்தால் போகும், பின்னால் சாய்ந்தால் நிற்கும். விழாமல் தாங்கிப் பிடிப்பது முழுக்க முழுக்க உள்ளே ஓடும் மின்சாரம்தான். போகிற போக்கில் அது நின்றுபோனால் வண்டி அங்கேயே படுத்துவிடும், மேலே நிற்கும் ஆள் மட்டும் போய்க்கொண்டே இருப்பார். அத்தான் அப்படித்தான் போனார், ஆஸ்பத்திரிக்கு ஏறும் மேட்டுச் சாலையில். வேலைக்குப் போன இடத்திலேயே அவரைக் கட்டிலில் படுக்க வைத்தார்கள்.

அத்தான் என்றால் அக்காவின் கணவர். அந்த ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கிற வேலை. பிறந்த குழந்தையின் நரம்பைக்கூட முதல் குத்திலேயே பிடித்துவிடுவார். "அந்தக் கண்ணாடிக்காரர் வந்தா எடுங்க, இல்லன்னா நாளைக்கு வர்றோம்" என்று சொல்கிற நோயாளிகள் உண்டு. உடைந்தது அந்தக் கை. உள்ளே தகடு வைத்துத் தைத்திருக்கிறார்கள். பழையபடி ஊசி பிடிக்குமா என்று கேட்டால் டாக்டர் கூரையைப் பார்க்கிறார்.

வண்டி வாங்கியே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றவரும் அத்தான்தான். வாங்கின புதிதில் அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். பிறகு மழையில் ஓட்டி, உள்ளே தண்ணீர் விட்டு, மோட்டாருக்குப் போகும் இணைப்பு ஒன்று பச்சை பூத்துப்போய், "ஏம்மா, நீ கொஞ்சம் பாரேன்" என்று சின்னவளிடம் வந்தார். அவள் பட்டறையில் மின்சார வண்டிகளைப் பிரித்து மேய்கிறவள். கெட்ட இணைப்பை வெட்டியெறிந்து, புது ஒயர் வைத்து, ஈயம் வைத்துப் பற்றவைத்து, மேலே உறை போட்டுக் கொடுத்தாள். தொட்டுப் பார்த்து, இழுத்துப் பார்த்து, ஓட்டிப் பார்த்துத்தான் கொடுத்தாள்.

ஆக, வண்டி விழுந்த அன்றைக்கு எல்லார் கண்ணும் யார் மேல் திரும்பும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

திருப்பிவிட்டவர் அத்தானேதான். அவர் மேல் குற்றமில்லை, பாவம், வலியோடு வலியாகத் தெரிந்ததைச் சொன்னார். "பேட்டரி இறங்கினா வண்டி முன்னாடியே கத்தும். பீப் பீப்னு கத்தி, நாம இறங்குற வரைக்கும் உயிரை எடுக்கும். சின்னவதானே சொல்லிக் கொடுத்தா. இது கத்தவே இல்ல. பொட்டுனு போயிடுச்சு. அப்போ பேட்டரி இல்ல, ஒயர்தான் எங்கேயோ விட்டிருக்கு."

கட்டிலைச் சுற்றி வீட்டார் எல்லாரும் நின்றிருந்தார்கள். அக்கா மட்டும் நிமிர்ந்தாள். அவள் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. வாயில் விரல் வைத்தால் கடிக்கத் தெரியாதவள் என்று பெயர் வாங்கினவள். அந்த மெல்லிய குரலில், அடுத்த கட்டில்காரருக்குக்கூடத் தொந்தரவு இல்லாமல், சொன்னாள்.

"ஒயர் இவ போட்டதுதானே."

சின்னவள் வாயைத் திறப்பதற்குள் அம்மா அவள் தோளை அழுத்தினாள். "கத்தாதடி. ஆஸ்பத்திரி."

அவள் இன்னும் கத்தவே இல்லை. அதுதான் அந்த வீட்டின் நியாயம். பெரியவள் எதைச் சொன்னாலும் அமைதியாகச் சொல்வாள், அதனால் அது சரியாக இருக்கும். சின்னவள் எதைச் சொன்னாலும் கத்துவாள், அதனால் அது தப்பாகத்தான் இருக்கும். சின்ன வயதில் கண்ணாடி டம்ளர் உடைந்தபோதிலிருந்து இதே தீர்ப்புதான். டம்ளரை உடைத்தது யார் என்பது இன்றுவரை அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது, திட்டு வாங்கினது யார் என்பது எல்லாருக்கும் தெரியும்.

அக்கா அதோடு நிறுத்தவில்லை. "இனிமே வீட்டுப் பக்கம் வர வேணாம். பாப்பாவையும் தூக்க வேணாம்" என்றாள். பிறகு அம்மாவைப் பார்த்து, "அந்தச் சனியனைப் பிரிச்சுப் பார்த்து என்ன ஆகப்போகுது, எடைக்குப் போட்டுடச் சொல்லுங்க" என்றாள்.

சின்னவள் எடைக்குப் போடவிடவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி அறையில் கிடந்த வண்டியை அவளே போய்த் தூக்கிக்கொண்டு வந்தாள். அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். தன் ஈயம்தான் விட்டது என்றால், அக்கா சொன்னது அத்தனையும் வாங்கிக்கொண்டு, பாப்பாவைத் தூக்காமல், இந்த வேலையையும் விட்டுவிட்டுப் போய்விடுவது என்று முடிவு செய்திருந்தாள். தன் ஈயம் இல்லை என்றால், அப்போது இருக்கிறது கச்சேரி.

இடையில் அத்தான் போனில் பேசினார். பேசியது ஆறுதல்தான், அதுதான் இன்னும் வயிற்றெரிச்சல். "நீ மனசுல வச்சுக்காதம்மா. தெரியாம நடந்துபோச்சு. நான் உன்னை மன்னிச்சுட்டேன்" என்றார். செய்தோமா இல்லையா என்று தெரியாத ஒன்றுக்கு மன்னிப்பு வாங்குவதைவிட நாலு அறை வாங்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. போனை வைத்துவிட்டு ஸ்குரூடிரைவரை மேஜையில் ஒரு குத்துக் குத்தினாள். மேஜையில் குழி விழுந்தது.

பட்டறைச் சொந்தக்காரர் அந்தக் குழியைப் பார்த்தார். அவருக்குப் 'பொறுமை அண்ணன்' என்று பெயர். எதற்கெடுத்தாலும் பொறுமை பொறுமை என்பார், ஆனால் டீ ஆறிப்போனால்கூடத் தாங்க மாட்டார். சின்னவளுக்கு அவர் வைத்த பெயர் மீட்டர், அவள் சட்டைப் பையில் எப்போதும் மின் அழுத்தம் அளக்கும் மீட்டர் வைத்திருப்பதால்.

"மீட்டரு, பொறுமை. ரெண்டு வண்டிக்காரங்க வந்து கேட்டுட்டாங்க, விழுந்த வண்டி இங்க ரிப்பேர் பார்த்ததான்னு. என்னன்னு தெரியற வரைக்கும் வேற வண்டில கை வைக்காத."

"உங்களுக்கும் நான்தான்னு தோணுதாண்ணே?"

"எனக்கு ஒண்ணும் தோணல. டீ ஆறுது" என்று அவர் போய்விட்டார்.

முதலில் தன் வேலையிலிருந்தே ஆரம்பித்தாள். பக்க மூடியின் திருகுகளைக் கழற்றினாள். மூடி வந்தது. உறையைக் கீறி எடுத்தாள். உள்ளே அவள் வைத்த ஈயம் வைத்தபடி பளபளவென்று இருந்தது. நகத்தால் சுரண்டினாள். இழுத்தாள். குறடு போட்டு இழுத்தாள். வண்டியைத் தலைகீழாக நிறுத்திச் சக்கரத்தைச் சுழலவிட்டு, சுழலும்போதே ஒவ்வொரு ஒயராகப் பிடித்து ஆட்டினாள். எங்கேயாவது தொட்டும் தொடாமலும் இருந்தால் இந்த ஆட்டலில் சக்கரம் திக்கும். திக்கவில்லை.

நிம்மதி வரவேண்டிய இடம். வரவில்லை. சரியாக இருக்கிறது என்று அவள் போய்ச் சொன்னால் யார் நம்புவார்கள். 'ஏதோ சப்பைக்கட்டு கட்டுறா' என்பார்கள். குற்றவாளி வேறு யார் என்று கையும் களவுமாகக் கொண்டுபோய் நிறுத்தினால் ஒழிய அந்த வீட்டில் அவளுக்கு விடுதலை இல்லை.

சக்கரத்தின் அச்சு வழியாக வெளியே வரும் மெல்லிய ஒயர்களைப் பார்த்தாள். சக்கரம் எந்த நிலையில் இருக்கிறது என்று வண்டியை இயக்கும் மின் போர்டுக்குச் சொல்லும் ஒயர்கள் அவை, அச்சின் விளிம்பில் உரசி உரசித் தோல் உரிந்துபோவது இந்த வண்டிகளில் வாடிக்கை. உரியவில்லை. போர்டில் எரிந்த வாசனை உண்டா என்று மூக்கை வைத்துப் பார்த்தாள். தூசி வாசனைதான். தண்ணீர் புகுந்த தடம் உண்டா என்று டார்ச் அடித்தாள். அவள் பூசின அடைப்பு அப்படியே இருந்தது. ஒவ்வொன்றும் சரியாக இருக்க இருக்க அவளுக்குத் தலைக்கு ஏறியது. பின்னால் காற்றடிக்கும் கம்ப்ரசர் வேறு கடகடவென்று ஓடி மண்டையைப் பிளந்தது.

பேட்டரிக்கு மீட்டர் வைத்தாள். நிறைய இருந்தது. சும்மா இருக்கும்போது எல்லா பேட்டரியும் நிறையத்தான் காட்டும், சும்மா உட்கார்ந்திருக்கும் ஆளைப் பார்த்துப் பலசாலி என்று நினைப்பதுபோல. சுமை ஏற்றினால்தான் சங்கதி தெரியும். அதற்குப் பட்டறையில் ஒரு வழி உண்டு. கழித்துப்போட்ட வண்டிகளின் முகப்பு விளக்குகளை வரிசையாக ஒரு பலகையில் பொருத்தி வைத்திருக்கிறார்கள். பேட்டரியை அதில் கொடுத்தால் அத்தனை பல்பும் எரியும், பேட்டரி மூச்சு வாங்கும்.

சுமை ஏறும்போது வண்டியின் போர்டும் கவனிக்கட்டும் என்று அதையும் இணைப்பில் வைத்துக்கொண்டு பல்புப் பலகையைக் கொடுத்தாள். மேஜை முழுக்க மஞ்சள் வெளிச்சம். பேட்டரி என்பது சின்னச் சின்னக் கட்டுகள் வரிசையாகக் கைகோத்த கூட்டம். ஒவ்வொரு கட்டாக மீட்டர் முனையை வைத்துக்கொண்டே போனாள். எண் நின்றது, நின்றது, நின்றது. கடைசிக்கு முந்தினது நிற்கவில்லை. அவள் கண்ணெதிரே எண் இறங்கிக்கொண்டே போனது.

"நீயா" என்றாள்.

அந்த ஒரு கட்டு சொத்தை. சமதரையில் தாக்குப்பிடித்திருக்கும். மேட்டில் அத்தானின் கனத்தோடு ஏறும்போது சரிந்து, பேட்டரிக்குள் இருக்கும் காவல் போர்டு 'போதும்' என்று மொத்தத்தையும் அடைத்திருக்கும். பொட்டென்று போனது அதனால்தான். பேட்டரிதான், ஒயர் இல்லை. அவள் ஈயம் இல்லை.

இங்கே குதித்திருக்க வேண்டும் அவள். குதிக்காமல் நின்றாள். ஏனென்றால் அத்தான் சொன்னது காதில் ஒலித்தது. கத்தவே இல்ல. பேட்டரி என்றால் கத்தியிருக்க வேண்டுமே. விழுந்த அன்றைக்கு மட்டும் இல்லை, இந்தக் கட்டு சொத்தையாகத் தொடங்கிய நாளிலிருந்து, ஒவ்வொரு மேட்டிலும், காலையும் மாலையும் கத்தியிருக்க வேண்டுமே.

பல்புகள் மங்கின. மீட்டரில் மொத்த எண் எச்சரிக்கைக் கோட்டுக்குக் கீழே போய்விட்டது. வண்டி இப்போது இந்தப் பட்டறையையே இரண்டாக்கும்படி அலற வேண்டும்.

"அண்ணே, கம்ப்ரசரை நிறுத்துங்க."

"காத்து ஏறிட்டிருக்கு, பொறுமை."

"நிறுத்துங்கண்ணே."

அந்தக் குரலுக்கு அவர் நிறுத்திவிட்டார். பட்டறை அமைதியானது. சின்னவள் வண்டியின் மேல் காதை வைத்தாள். உள்ளே எங்கோ ஆழத்தில் டிக், டிக், டிக் என்று ஒன்று கேட்டது. வாயைப் பொத்தின ஒரு ஆள் மூக்கால் முனகுவதுபோல இருந்தது.

வண்டியின் தலையில், தூக்கும் பிடிக்குக் கீழே, மிளகு அளவுக்கு ஒரு துளை உண்டு. அதன் கீழேதான் பீப்பர் உட்கார்ந்திருக்கும், சத்தம் அந்த வழியாகத்தான் வெளியே வரும். டார்ச் அடித்தாள். துளை இல்லை. துளை இருந்த இடம் மினுக்கியது.

ஊசி முனையால் தொட்டாள். வழவழப்பு, கொஞ்சம் ரப்பர்த்தனம். சூடாக ஊற்றி இறுகின பசை. பசைக்குள் பொடிப்பொடியாக ஜிகினா.

அவள் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

அக்கா வீட்டிலிருந்தபடி குழந்தைகளுக்கான ஹேர்பேண்ட் செய்து கடைகளுக்குக் கொடுக்கிறவள். பூவும் மணியும் ஒட்டுவதற்கு, பசையை உருக்கி விடும் ஒரு க்ளூ கன் வைத்திருக்கிறாள். சாதாரணப் பசைக் குச்சி போட மாட்டாள், ஜிகினா கலந்ததுதான் போடுவாள், கசிந்தாலும் அழகாகத் தெரியும் என்று. அது கையில் வந்ததிலிருந்து அந்த வீட்டில் எதுவும் உடைந்ததாக விடப்பட்டதில்லை. டிவி ரிமோட்டின் பின் மூடி, குளியலறைக் குவளையின் காது, அம்மாவின் செருப்பு வார், அத்தானின் மூக்குக்கண்ணாடிக் கால், எல்லாம் ஜிகினாவோடு மின்னும். "இன்னும் கொஞ்ச நாள்ல என்னையும் எங்கேயாவது ஒட்டி வச்சுடுவா உங்க அக்கா" என்று அத்தான் கண்ணாடியைத் தொட்டுக் காட்டிச் சிரிப்பார்.

பாப்பா பிறந்ததிலிருந்து தூங்காத குழந்தை. ஊசி விழுந்தால் எழுந்துவிடும். அத்தான் காலையில் கூடத்தில் வைத்து வண்டியை உயிர்ப்பிப்பார், அது பீப் என்று ஒரு சலாம் வைக்கும். மாலையில் கதவருகே சாய்த்து வைப்பார், சாய்ந்தால் அது விடாமல் கத்தும். அக்கா என்ன செய்திருப்பாள் என்று யோசிக்கச் சின்னவளுக்கு ஒரு நிமிஷம்கூடத் தேவைப்படவில்லை. கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, மற்றக் கையில் க்ளூ கன், துளையில் முனையை வைத்து ஒரே அமுக்கு. அத்தானிடம் சொல்லிக்கூட இருக்க மாட்டாள். சத்தம் நின்றதை அவர் கவனித்தும் இருக்க மாட்டார். நிம்மதி வந்தால் யார் ஏன் என்று கேட்கிறார்கள்.

அதுவரைக்கும் சின்னவளால் பொறுத்துக்கொள்ள முடிந்தது. தூக்கம் கெட்டவள் செய்தாள், தெரியாமல் செய்தாள், போகட்டும். ஆனால் ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் அத்தான் 'கத்தவே இல்ல' என்று சொன்னபோது அக்கா நிமிர்ந்தாளே. நிமிர்ந்ததும் 'ஒயர் இவ போட்டதுதானே' என்றாளே. பிரிக்காமல் எடைக்குப் போடச் சொன்னாளே.

துளையில் ஒரு சொட்டு ஸ்பிரிட் விட்டாள். ஸ்பிரிட் பட்டால் அந்தப் பசை பிடியை விட்டுவிடும். சிறிது நேரம் கழித்து மெல்லிய குறடால் இழுத்தாள். துளையின் வடிவிலேயே, ஒரு சின்ன ஆணிபோல, மினுமினுவென்று முழுசாக வந்தது. உள்ளே மிச்சத்தைத் துடைத்துவிட்டு வண்டியை உயிர்ப்பித்துச் சாய்த்தாள்.

பொறுமை அண்ணன் டீயைக் கொட்டிக்கொண்டார்.

"ஆஃப் பண்ணு. ஆஃப் பண்ணு அந்தச் சனியனை."

"பொறுமைண்ணே" என்றாள் சின்னவள், பல்லைக் கடித்துக்கொண்டு. பசை ஆணியைச் சட்டைப் பையில் மீட்டர் பக்கத்தில் போட்டுக்கொண்டு, வண்டியை உருட்டிக்கொண்டு கிளம்பினாள்.

வழி நெடுக வசனம் தயார் செய்தாள். நல்ல வசனங்கள். தெருமுனையில் ஒன்று, பாலத்தின் மேல் இன்னும் காரமாக ஒன்று. அக்காவின் மாடிப்படி ஏறும்போது முழுப் பேச்சும் தொண்டையில் தயாராக நின்றது.

அக்கா கதவைத் திறந்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம், கழுத்தில் நூல் துணுக்கு. வண்டியைப் பார்த்ததும் முகம் மாறியது. உதட்டில் விரலை வைத்தாள்.

"சத்தம் போடாத. பாப்பா இப்பதான் தூங்கினா."

எத்தனை வசனம் இருந்தும் அந்த ஒரு விரலுக்குச் சின்னவள் அடங்கிப்போனாள். பழக்க தோஷம். வண்டியைக் கூடத்துச் சுவரோரம் நிறுத்திவிட்டு அக்காவின் பின்னால் சமையலறைக்குப் போனாள். போகும்போது பார்த்தாள், கூடத்தில் சாய்வு நாற்காலியில் அத்தான், கட்டுப்போட்ட கையைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு, கண்ணை மூடியிருந்தார். தொட்டில் அசையவில்லை.

சமையலறை மேடையில் பசை ஆணியை வைத்தாள்.

அக்கா அதைப் பார்த்தாள். இது என்ன என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடச் சின்னவள் கொஞ்சம் ஆறியிருப்பாள்.

"உனக்கு எப்ப தெரியும்?" என்று சின்னவள் கேட்டாள்.

"மெதுவா பேசு."

"எப்ப தெரியும்னு கேட்டேன்."

"அவர் கத்தவே இல்லன்னு சொன்னாரே, அப்ப." அக்கா ஈரமில்லாத கையைத் துணியில் துடைத்தாள். "எனக்குக் காலே தரையில இல்ல. என்ன பேசினேன்னே தெரியல."

"நல்லா தெரிஞ்சுதான் பேசின. என்னைக் காட்டிவிட்ட. எடைக்குப் போடச் சொன்ன."

"நான் தூங்கியே மாசக்கணக்காச்சு. உனக்குப் புரியாது. அந்தப் பீப் கேட்டாலே எனக்கு அழுகை வரும். நான் வேணும்னு செய்வேனா? அவர் கை போயிடும்னு தெரிஞ்சா செய்வேனா?" அழுகைகூடச் சத்தமில்லாமல்தான் வந்தது. "இப்ப சொல்லாத. அவர் கை கொஞ்சம் தேறட்டும். நானே சொல்லிக்கிறேன்."

"அதுவரைக்கும்?"

அக்கா கையைத் துடைத்த துணியை மடித்தாள். அதுவரைக்கும் பழி உன் தலையில் இருக்கட்டும், உனக்குத்தான் பழக்கமாயிற்றே. அதைச் சொல்லவில்லை, ஆனால் சமையலறை முழுக்க அதுதான் நின்றது.

சின்னவளுக்கு அவளை உலுக்க வேண்டும்போல் இருந்தது. கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும்போலவும் இருந்தது, அது இன்னும் எரிச்சல். அக்கா கைகளில் சூட்டுப் பசை பட்ட தழும்புகள். நிஜமாகவே தூங்காத முகம். கைதான் ஏற்கெனவே உடைந்துவிட்டது, சொன்னால் மட்டும் கை ஒட்டிவிடப்போகிறதா என்று நினைத்தாள். சரி, கொஞ்ச நாள்தானே. பசை ஆணியை எடுத்துத் திரும்பப் பையில் போட்டாள். அக்கா மூச்சு விட்டது கேட்டது.

கூடத்துக்கு வந்தபோது அத்தான் விழித்திருந்தார். சின்னவளைப் பார்த்ததும் சிரித்தார், ஜிகினாக் கால் போட்ட மூக்குக்கண்ணாடியோடு.

"வந்துட்டியா. நான்தான் உங்க அக்காகிட்ட சொன்னேன், அவளை வர வேணாம்னு சொல்லாத, சின்னப் பொண்ணு, தெரியாம செஞ்சுட்டா. எனக்குக் கோவமே இல்லம்மா. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்றேன், அடுத்த தடவை ஒயர் வேலைன்னா யாராவது தெரிஞ்சவங்ககிட்ட ஒரு தடவை காட்டிட்டுக் கொடு."

சின்னவள் அக்காவைப் பார்த்தாள். இதோ, இந்த இடம்தான். வேறொன்றும் வேண்டாம், 'அவ வேலைல தப்பில்லைங்க' என்று நாலு வார்த்தை போதும். மீதியைக் கை தேறிய பிறகு சொல்லிக்கொள்ளட்டும். காத்துக்கொண்டு நின்றாள்.

"விடுங்க" என்றாள் அக்கா, அந்த மென்மையான குரலில். "அவளுக்கும் மனசு கஷ்டமாத்தான் இருக்கும். பாவம்."

பாவம் என்ற அந்தச் சொல்லில்தான் எல்லாம் அறுந்தது.

சின்னவள் தயார் செய்த வசனங்களில் ஒன்றைக்கூட எடுக்கவில்லை. குனிந்தாள், வண்டியின் பொத்தானை அமுக்கினாள், கால் பலகையில் ஒரு உதை விட்டு அதைத் தரையில் சாய்த்தாள்.

வண்டி கத்தியது. இத்தனை நாள் வாயடைத்துக் கிடந்ததற்கெல்லாம் சேர்த்துக் கத்தியது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மேஜையில் இருந்த மணிகள் டப்பாவுக்குள் நடுங்கின. தொட்டிலுக்குள் பாப்பா தூக்கிவாரிப்போட்டு எழுந்து வீறிட்டாள்.

"நிறுத்து" என்றாள் அக்கா. அவள் குரல் உயர்ந்து அன்றைக்குத்தான் அந்த வீடு கேட்டது. "நிறுத்துடி."

சின்னவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

அத்தான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். முதலில் வண்டியைப் பார்த்தார், பிறகு சின்னவளை. "இவ்வளவு சத்தமா கத்துமா இது?"

"எப்பவும் இவ்வளவுதான் அத்தான்."

"நான் கேட்டே ரொம்ப நாளாச்சே. நீ திருப்பிக் கொடுத்தப்ப கத்துச்சு. அப்புறம்..." அவர் பேச்சு நின்றது. எழுந்து, உடைந்த கையை மார்போடு அணைத்துக்கொண்டு, வண்டியின் பக்கத்தில் மண்டியிட்டார். நரம்பு தேடிப் பழகின கண். பிடிக்குக் கீழே அந்தத் துளையை நேராகக் கண்டுபிடித்தது. துளையின் விளிம்பில், துடைத்தும் போகாமல், இரண்டு மூன்று ஜிகினாப் பொடி ஒட்டியிருந்தது. இடது கை விரலால் அதைத் தடவினார். விரலைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோனார். பிறகு அதே விரல், தன்னையறியாமல், அவர் மூக்குக்கண்ணாடியின் காலைத் தொட்டது.

அவர் திரும்பி மனைவியைப் பார்த்தார். அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

வண்டி கத்திக்கொண்டே இருந்தது. பாப்பாவும் கத்திக்கொண்டே இருந்தாள். அக்கா தொட்டிலிடம் போகவில்லை, அத்தானால் ஒற்றைக் கையால் தூக்க முடியாது. சின்னவள்தான் போனாள். தூக்கக் கூடாது என்று சொல்லப்பட்ட குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். குழந்தை அவள் காதோரம் வாயை வைத்து, முகம் சிவக்க, மூச்சு முட்டக் கத்தியது.

வழக்கமாக அந்த வீட்டில் யாராக இருந்தாலும் அந்த நேரத்தில் 'ஷ்ஷ்' என்பார்கள். சின்னவளுக்கும் வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை.

"கத்துடி கண்ணு" என்றாள். "நல்லா கத்து."